பாகூருக்கு எதற்கு பிட்காயின்?

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி சைபர் கிரைம் போலீசார் விசாரித்த ஒரு வழக்கு பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. கிரிப்டோ நாணயத்தில் பணம் போட்டால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று ஒரு நிறுவனம் ஆசை காட்டியதாகவும், புதுச்சேரிக்காரர்கள் சிலர் போட்ட சுமார் 2.40 கோடி ரூபாய் போய்விட்டதாகவும் புகார். நிறுவனம் நடத்திய விழாக்களில் சினிமா நட்சத்திரங்கள் கலந்துகொண்டிருந்ததால் செய்தி வேகமாகப் பரவியது. எல்லோரும் நட்சத்திரங்களைப் பற்றியே பேசினார்கள். புதுச்சேரியில் வாழும் ஒருவருக்கு கிரிப்டோ நாணயம் எதற்காகத் தேவைப்படுகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கிரிப்டோவை விற்பவர்களிடம் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு. "அர்ஜென்டினாவைப் பாருங்கள், நைஜீரியாவைப் பாருங்கள். அங்கே சாதாரண மக்களே இதற்கு மாறிவிட்டார்கள். அரசாங்கம் அச்சடிக்கும் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மக்கள் ஏன் மாறினார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்தால், அந்தக் காரணம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

அங்கே என்ன நடந்தது?

2023-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் பணவீக்கம் 211 சதவீதம். இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். பாகூரில் ஒரு விவசாயி பொங்கலுக்கு நெல்லை விற்று ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்கிறார். அடுத்த பொங்கலுக்கு அந்த ஆயிரத்தைக் கொண்டு, முந்தைய பொங்கலில் சுமார் 320 ரூபாய்க்குக் கிடைத்த சாமான்தான் வாங்க முடியும். மீதி எங்கே போனது என்று கேட்டால், யாரும் திருடவில்லை, பணமே கரைந்துவிட்டது.

சரி, டாலராக மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2019 முதல் அங்கே சாதாரண மனிதர் வங்கியில் மாதத்துக்கு 200 டாலருக்கு மேல் வாங்க முடியாது. அதற்கும் ஆயிரம் நிபந்தனைகள். 2023 டிசம்பரில் நாணய மதிப்பைக் குறைப்பதற்கு முன்பு ஒரு டாலருக்கு அரசு சொன்ன விலை 366 பேசோ. தெருவில் அதே டாலர் ஆயிரம் பேசோவை ஒட்டி விற்றது. சட்டவிரோதமாக டாலர் மாற்றித் தரும் இடங்களுக்கு அங்கே "குகை" என்று பெயர். தனிமனிதர்களுக்கான இந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி 2025 ஏப்ரலில்தான் நீங்கியது.

நைஜீரியாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2021 பிப்ரவரியில் வங்கிகள் கிரிப்டோ பக்கமே போகக்கூடாது என்று மத்திய வங்கி உத்தரவு போட்டது. மக்கள் நிறுத்தவில்லை. வங்கி வழியாகச் செய்ததை ஆளுக்கு ஆள் நேரடியாகச் செய்யத் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்த நாடுகளில் சாமானியர்கள் பெரும்பாலும் தேடிப்போனது பிட்காயினை இல்லை. டாலரோடு கட்டிப்போட்ட, ஒன்றுக்கு ஒரு டாலர் என்று நிற்கிற "ஸ்டேபிள்காயின்" வகையைத்தான். அதாவது அவர்கள் கேட்டது டாலர். வங்கி கொடுக்கவில்லை, செல்போன் கொடுத்தது. எல்லா அரசாங்கங்களிடமிருந்தும் விடுதலை என்றெல்லாம் இதைச் சொல்ல முடியாது. தன் நாட்டு அரசின் பணத்தை விட்டுவிட்டு அமெரிக்க அரசின் பணத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இலங்கையின் உண்டியல்

இதற்குத் தொழில்நுட்பம்கூடத் தேவையில்லை என்பதற்கு இலங்கையே சாட்சி. 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டாலர் சுமார் 200 ரூபாய் என்று அங்கே பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியல்காரரிடம் கொடுத்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கிடைத்தது. வெளிநாட்டில் வேலை செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வங்கி வழியாக வந்த பணம் 2020-ல் சுமார் 7.1 பில்லியன் டாலர். 2021-ல் 5.5 பில்லியன். 2022-ல் 3.8 பில்லியன். உழைப்பவர்கள் ஒன்றும் வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. அதில் ஒரு பெரிய பங்கு வங்கியை விட்டு வேறு பாதையில் போனது. பிடித்து வைத்த விலை 2022 மார்ச்சில் கைவிடப்பட்டதும் மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

ஆக, உண்டியலானாலும் குகையானாலும் செல்போனில் இருக்கும் நாணயமானாலும் மூன்றும் செய்வது ஒரே வேலை. அரசு சொல்லும் விலைக்கும் உண்மையான விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அவை பிழைக்கின்றன.

புதுச்சேரி பார்த்த இடைவெளி

இந்த இடைவெளியைப் புதுச்சேரிக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிப் பகுதியில் எட்டு கொம்யூன்கள். வில்லியனூரும் பாகூரும் அவற்றில் இரண்டு. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பிரெஞ்சு ஊர்களும் இந்திய ஊர்களும் கிழித்துப் போட்ட துணி மாதிரி மாறி மாறிக் கிடக்கும். 1941 முதல் இரு பக்கமும் ஒரே சுங்க ஏற்பாட்டில் இருந்தன. 1949-ல் சுதந்திர இந்தியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லையெங்கும் சுங்கச் சாவடிகள் முளைத்தன.

அதற்கு முன்பே, 1947-ல், இந்தியாவில் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. தங்கம் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இந்தப் பக்கம் பிரெஞ்சுத் துறைமுகத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. விளைவை ஊகிப்பது கடினமா என்ன? தங்கம், வைரம், கைக்கடிகாரம் என்று கடத்தலுக்குப் புதுச்சேரி பேர்போன ஊராயிற்று. ஒரே மொழி பேசி, ஒரே வகை நெல் நட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களுக்கு நடுவே, ஒரு வரப்பைத் தாண்டினால் தங்கத்தின் விலை மாறியது.

அதே காலத்தில் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது சைகோனில் வேலையில் இருந்தார். அங்கே இன்னொரு விளையாட்டு. 1945 டிசம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று விலை வைத்தது. சந்தையில் அதன் மதிப்பு ஏறக்குறைய பாதிதான். பியாஸ்தரைச் சந்தையில் மலிவாக வாங்கி, அனுமதி பெற்று 17 பிராங்குக்குப் பிரான்சுக்கு அனுப்ப முடிந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் சம்பாதித்தார்கள். நஷ்டம் பிரெஞ்சு அரசின் கருவூலத்துக்கு. பெரிய ஊழலாக வெடித்து, 1953 மே மாதம் விலையைப் பத்து பிராங்காகக் குறைத்தார்கள். அந்தப் பியாஸ்தரை வெளியிட்டுவந்த இந்தோசீன வங்கிதான் புதுச்சேரியிலும் ரூபாய் நோட்டு வெளியிட்டிருந்தது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. பாகூர் வரப்பில் தங்க விலை மாறும் விசித்திரமும் அத்தோடு முடிந்தது. யாரும் கடத்தல்காரர்களுக்கு நீதி போதித்துத் திருத்தவில்லை. இடைவெளி போனது, தொழிலும் போனது.

நாடு முழுவதற்கும் இதே பாடம் பின்னால் கிடைத்தது. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தங்கக் கடத்தல் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொடிகட்டிப் பறந்தது. 1990-ல் சட்டம் நீக்கப்பட்டு, 1992 முதல் இறக்குமதிக்குக் கதவு திறந்த பிறகு கடத்தல் வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் இறக்குமதி வரி ஏறிய போதெல்லாம் மீண்டும் தலைதூக்கியது.

இன்றைய வில்லியனூர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இன்றைக்கு வில்லியனூரில் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறதா?

இந்திய ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 2016 முதல் 4 சதவீதம். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். 2022-ல் இந்த எல்லையைத் தாண்டியபோது ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நான்கு சதவீதம் என்றால் பொங்கலுக்கு வைத்த ஆயிரம் ரூபாய் அடுத்த பொங்கலுக்கு சுமார் 960 ரூபாய் மதிப்போடு இருக்கும். வங்கி வட்டி அந்த ஓட்டையைப் பெரும்பாலும் அடைத்துவிடும்.

டாலர் வேண்டுமா? ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை ஓர் இந்தியர் வங்கி மூலமே சட்டப்படி வெளியே அனுப்பலாம். பாகூரில் அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம். கதவு திறந்திருக்கிறது என்பதே இங்கே முக்கியம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற புதுச்சேரி சொல்தாக்களுக்கு யூரோவில் ஓய்வூதியம் வருகிறது. அது வங்கிக் கணக்கில் சந்தை விலையை ஒட்டியே ரூபாயாகிறது. உண்டியல்காரரைத் தேடிப்போனாலும் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கூடக் கிடைக்கப்போவதில்லை.

ரூபாயின் மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இங்கே தங்கம் இருக்கிறது. காலையில் நகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் மாலைக்குள் விதை நெல்லுக்குப் பணம் கையில் இருக்கும். பிட்காயினை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்பது?

ஓர் எதிர்வாதத்துக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். "2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது இந்த அரசாங்கம்தானே, எப்படி நம்புவது?" நியாயமான கோபம். கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பழைய நோட்டை மாற்றும் வசதிகூட இல்லை. ஆனால் அன்று அடிபட்டவர்கள் யார்? கூலியை நோட்டாக வாங்கி நோட்டாகவே வைத்திருந்தவர்கள். வங்கிக் கணக்கும் நல்ல செல்போனும் இருந்தால்தான் கிரிப்டோ வாங்க முடியும். அந்த இரண்டும் கையில் இருந்தவர்கள் அன்றைக்கு அவ்வளவாகத் தவிக்கவில்லை. நாற்று நடும் பெண்களை பிட்காயின் காப்பாற்றியிருக்காது. அப்படி ஒரு அறிவிப்பு இனி வரக்கூடாது என்று அரசிடம் கேட்பதுதான் அவர்களுக்கு உதவும்.

அரசு செய்ய வேண்டியது

இதையெல்லாம் சொல்வதால் கிரிப்டோவைத் தடை செய்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளுக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ஆம் தேதி ரத்து செய்தது. 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும் தொகையில் ஒரு சதவீதப் பிடித்தம். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

வரி வாங்குவது சரி. பதிலுக்குப் பாதுகாப்பு என்ன கிடைக்கிறது? வங்கி திவாலானால் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ சந்தைக்கு அது இல்லை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. அதில் பணம் போட்டிருந்தவர்கள் ஓராண்டுக்கும் மேல் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். அது பதிவு செய்து நடந்த தளம். வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்க்கும் நிறுவனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஸ்டேபிள்காயினும் முழுப் பாதுகாப்பு இல்லை. டாலருக்குச் சமம் என்று சொல்லப்பட்ட டெர்ரா நாணயம் 2022 மே மாதம் சில நாட்களிலேயே சரிந்தது. அர்ஜென்டினாக்காரர் இந்த அபாயத்தைத் தெரிந்தே எடுக்கலாம். ஏனென்றால் கையில் இருக்கும் பேசோ கரைவது அவருக்கு உறுதி. பாகூர்க்காரருக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஓய்வூதியத்திலும் நெல் விற்ற பணத்திலும் அவர் எடுக்கும் அபாயம் வெறும் சூதாட்டம்தான்.

எனவே அடுத்த முறை யாராவது அர்ஜென்டினாவைக் காட்டி ஆள் சேர்க்க வந்தால் மூன்று கேள்விகள் கேட்டாலே போதும். நம் ரூபாய் ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கரைகிறதா? வங்கியில் போட்ட பணத்தை எடுக்க விடாமல் தடுக்கிறார்களா? டாலருக்கு அரசு ஒரு விலையும் தெரு ஒரு விலையும் சொல்கிறதா? மூன்றுக்கும் "இல்லை" என்றால், வந்தவர் விற்பது நமக்குத் தேவையான பொருள் இல்லை. என்றைக்காவது ஒன்றுக்காவது "ஆம்" என்று சொல்லும் நிலை வந்தால், கடைசி வாக்காளர் வரை அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த நாணயத்தை வாங்குவது என்று யோசிக்கலாம்.