தட்டு எல்லைக்கு ஆயிரம் கி.மீ. தள்ளி... லாத்தூரில் பூமி அதிர்ந்தது எப்படி?

நிலநடுக்கம் என்றாலே ஜப்பான், நேபாளம், இமயமலைதான் நினைவுக்கு வரும். எல்லாமே பூமியின் தட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்கள். 'நாமதான் அந்த எல்லையிலேயே இல்லையே, அப்புறம் என்ன பயம்?' என்று கேட்பவர்களுக்கான பதில், மகாராஷ்டிராவின் லாத்தூரில் இருக்கிறது.

என்ன நடந்தது?

1993 செப்டம்பர் 30, அதிகாலை 4 மணி ஆகப்போகிறது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்த மக்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தனர். கில்லாரி கிராமத்தை ஒட்டி 6.2 அளவில் நிலநடுக்கம். சுமார் 10 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அப்போதைய நிலநடுக்க வரைபடத்தில் அந்தப் பகுதி இருந்தது, ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் 1-ல்!

எல்லையே இல்லாத இடத்தில் எப்படி?

இந்தியத் தட்டு ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. வேகத்தில் நகர்ந்து, யூரேசியத் தட்டை முட்டுகிறது. அந்த அழுத்தம் இமயமலையோடு நிற்பதில்லை, தட்டின் உள்பகுதிக்கும் பரவுகிறது. மேசையை ஒரு ஓரத்தில் பிடித்துத் தள்ளினால், ஏற்கெனவே ஆட்டம் கண்ட கால்தானே முதலில் நழுவும்? அதுபோல, நிலத்துக்கு அடியில் உள்ள பழைய பிளவுகள்தான் சறுக்குகின்றன.

ஏன் யாரும் எதிர்பார்க்கவில்லை?

தட்டின் உள்பகுதியில் அழுத்தம் மிக மெதுவாகவே சேரும். ஒரே பிளவு மறுபடி அசைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். நம்மிடம் உள்ள பதிவுகளோ சில நூற்றாண்டுகளுக்குத்தான். பதிவு இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

இவ்வளவு உயிர்ச்சேதம் ஏன்?

நிலநடுக்கம் அதிக ஆழத்தில் ஏற்படவில்லை, அதனால் அதிர்வு கடுமையாக இருந்தது. அதைவிட முக்கியமான காரணம், வீடுகள். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய சுவர்கள், மேலே கனமான மண் கூரை. எல்லாமே தூங்கியவர்கள் மீது சரிந்தன.

தமிழ்நாட்டில்?

1900 பிப்ரவரியில் கோவை பகுதியில் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் பதிவானது. 2002-ல் வரைபடம் திருத்தப்பட்டபோது மண்டலம் 1 என்பதே நீக்கப்பட்டது. லாத்தூரும் சென்னையும் மண்டலம் 3-க்கு மாறின.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. ஆனால், தாங்கும்படி கட்டிடம் கட்ட முடியும். ஃபிளாட் வாங்கும்போது கார் பார்க்கிங், லிஃப்ட் பற்றியெல்லாம் விசாரிக்கிறோம். 'நிலநடுக்கத்தைத் தாங்குமா, அதற்கான டிசைன் சான்று எங்கே?' என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.