வண்டி எங்கே நிற்கும்?

தீயணைப்பு வீரர்களிடம் லத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. வண்டியில் ஐந்தாறு பேர், ஒரு தொட்டித் தண்ணீர், குழாய், ஏணி, அவ்வளவுதான். கல்லும் அரிவாளுமாகக் கூட்டம் நிற்கிற இடத்துக்குள் அவர்களை நேராகப் போகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. போலீஸ் வரும்வரை தள்ளி நிற்கட்டும் என்பதில் நமக்கு மறுப்பும் இல்லை. ஆனால் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, யார் சொன்னால் உள்ளே போவது என்று நாம் கேட்டாக வேண்டும். சாதிக் கலவரத்தில் எரிவது பெரும்பாலும் நம்முடைய கூரைதான்.

2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டம் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் ஒரே மாலையில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணத்துக்கு ஊரே கொடுத்த விலை அது. வந்த கூட்டம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, மரங்களை வெட்டிச் சாலையில் போட்டது. போலீசும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வராமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே செய்தார்கள். மக்கள் காட்டுப்பக்கம் ஓடி உயிர் பிழைத்தார்கள். பெங்களூருவிலும் பிற ஊர்களிலும் கூலி வேலை செய்து சேர்த்த நகை, பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் மணிக்கணக்கில் எரிந்தன. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஓடவும் வழியில்லை. ஒரே குடிசைக்குள் 44 பேர் கருகினார்கள். போலீஸ் வந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு ஒரு நடைமுறை உண்டு. வண்டி சில தெருக்கள் தள்ளி, சம்பவ இடத்தில் இருப்பவர் கண்ணில் படாத இடத்தில், சைரனை அணைத்துவிட்டு நிற்கும். திரும்பி ஓட வசதியாக முகப்பை வெளிப்பக்கம் திருப்பி நிறுத்துவார்கள். 'இடம் பாதுகாப்பு' என்று போலீஸ் சொன்னால்தான் உள்ளே போவார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 2012 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் நியூயார்க் மாநிலம் வெப்ஸ்டரில் ஒருவன் தானே தீவைத்துவிட்டுக் காத்திருந்து, அணைக்க வந்த இரண்டு வீரர்களைச் சுட்டுக் கொன்றான்.

அதே அமெரிக்காவில், காத்திருந்ததால் போன உயிரும் உண்டு. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, போலீஸ் கட்டடத்தைச் சோதித்துக்கொண்டிருக்க, மருத்துவ உதவியாளர்கள் வெளியே நின்றார்கள். உள்ளே ஓர் ஆசிரியர் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ரத்தம் வடிந்து இறந்தார். அதற்குப் பிறகு அங்கே யோசனை மாறியது. முழு இடமும் அடங்கக் காத்திராமல், போலீஸ் காவல் சூழ மருத்துவர்களும் வீரர்களும் சேர்ந்தே உள்ளே போகப் பல ஊர்களில் பயிற்சி தொடங்கினார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பாடம்.

நம்மூர்ச் சிக்கல் இன்னொன்று, அது அமெரிக்கக் கையேட்டில் இருக்காது. காலனிக்குப் போகிற பாதை அநேகமாக ஒன்றே ஒன்று. அதுவும் ஊர்த்தெரு வழியாகத்தான் போகும். அப்படியானால் வண்டி 'பாதுகாப்பாக' நிற்கும் இடம் யாருடைய தெரு? அடித்தவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அடிபட்டவன் வீடு எரிவதைப் பார்ப்பதாக முடியும். காலனிக்கு இரண்டாவது பாதை கேட்பது சுடுகாட்டுக்குப் போக மட்டும் அல்ல.

நம் பெரியதாழையை எடுத்துக்கொள்வோம். பரதவர் ஊர், கடற்கரை ஓரம், மாவட்டத்தின் எல்லை. இங்கிருந்து 101ஐ அழைத்தால் வண்டி சாத்தான்குளத்திலிருந்தோ திருச்செந்தூரிலிருந்தோ வர வேண்டும். இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளையிலிருந்து. போலீஸ் தட்டார்மடத்திலிருந்து. இரண்டும் வெவ்வேறு இடம். ஒன்று வந்து மற்றதற்காக நிற்பது இங்கே தவிர்க்க முடியாதது. கடற்காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் ஓலைக்கூரை அதுவரை தாங்காது. சுற்றிலும் தேரிக்காட்டு ஓரங்களில் இருக்கும் நம் மக்களின் குடியிருப்புகளுக்கும் இதே நிலைதான்.

போலீஸ் வந்துவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்றும் இந்த மாவட்டத்தில் எழுதிவிட முடியாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் வீடு புகுந்து அடித்து நொறுக்கியவர்களே போலீசார்தான். சாத்தான்குளம் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தது 2020 ஜூனில். ஆகவே உள்ளே போகலாமா என்ற முடிவைப் போலீஸ் அதிகாரி ஒருவர் வாய்ச்சொல்லில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். வண்டி வந்த நேரம், நின்ற நேரம், நுழைந்த நேரம் மூன்றும் பதிவாக வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினர் குடியிருக்கும் வீட்டைத் தீவைத்து அழித்தால் ஆயுள் தண்டனை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. 1995ஆம் ஆண்டு விதிகள், வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காணச் சொல்கின்றன. அந்தப் பட்டியல் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறதா? எந்தக் காலனிக்கு எத்தனை பாதை, எங்கே தண்ணீர், எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று யாராவது நடந்து பார்த்திருக்கிறார்களா? ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தில் நம் உறுப்பினர்கள் இதை எழுத்தில் கேட்கட்டும்.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. 101க்கோ 112க்கோ பேசும்போது 'தீ' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது, எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று சொல்லுங்கள். போலீசுக்கும் தனியாகச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தை எழுதி வையுங்கள். போன் எரிந்துபோனாலும் விசாரணையில் அந்த நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.