பல்லிளிக்கும் படங்களும் மூடிய ஆய்வுக்கூடங்களும்

கிளமெண்டி எம்ஆர்டி நிலைய மேடையில் காலையில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களில் பலருடைய கண் கைப்பேசியில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றிவரும் படங்களில் ஒரு வகை, ஈறு தெரிய வாயை இழுத்து நிற்கும் சிம்பன்சியின் முகம். மேலே எழுதப்படும் வாசகம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் சம்பள நாளில் நாம். மறுவாரம் மாமியார் வந்திறங்கும் நாளில் மருமகன். முகம் மட்டும் மாறுவதில்லை. பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன இந்த மீம்களைப் பற்றித் தலையங்கம் வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேண்டும் என்றே கருதுகிறோம். மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒருசேரத் தெரிய உதடுகள் பின்னுக்கு இழுபடும் அந்த முகம், பெரும்பாலும் அச்சத்தின் முகம் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். விளையாட்டில் மகிழும் சிம்பன்சி வாயைத் திறந்தாலும் மேற்பற்கள் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். நாம் சிரித்துக்கொண்டிருப்பது ஓர் உயிரின் பயத்தைப் பார்த்து.

இதற்கு வரலாறு அறிந்த சான்று ஹாம். கேமரூன் காட்டில் பிடிபட்டு அமெரிக்க விமானப்படையின் ஹாலமன் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட இளம் சிம்பன்சி அது. விளக்கு எரிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் வாழைப்பழ வில்லை கிடைக்கும். தாமதித்தால் உள்ளங்காலில் மின்னதிர்ச்சி. இப்படிப் பழக்கிய பிறகு 1961 ஜனவரி 31 அன்று அதை மெர்க்குரி விண்கலத்துக்குள் வாரால் கட்டி விண்வெளிக்கு அனுப்பினார்கள். 16 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான பயணம். திரும்பி வந்த ஹாமின் பல் தெரியும் புகைப்படத்தை நாளிதழ்கள் புன்னகை என்று கொண்டாடின. சிம்பன்சிகளோடு வாழ்நாளைக் கழித்த ஜேன் குடால் பின்னாளில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தாம் கண்டதிலேயே மிகக் கடுமையான அச்சம் அது என்றார். புகைப்படக்காரர்களுக்காக அதே இருக்கையில் மறுபடி உட்காரவைக்க முயன்றபோது ஹாம் முரண்டுபிடித்து மறுத்தது. ஆனால் அந்த மறுப்பு நினைவில் நிற்கவில்லை. சிரிப்பு என்று தவறாகப் படிக்கப்பட்ட படமே நின்றது.

இன்னொரு படமும் இருக்கிறது. முதுகில் மனிதக் காது முளைத்ததுபோல் தோன்றும் முடியற்ற எலியின் படம் 1990களின் பிற்பகுதியிலிருந்தே மின்னஞ்சல்களில் வேடிக்கையாக வலம்வரத் தொடங்கியது. சார்ல்ஸ் வகான்டியும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத எலியின் தோலுக்கடியில், காது வடிவ அச்சு ஒன்றில் மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்களை வளர்த்தார்கள். காது குறைபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவுவது நோக்கம். 1999இல் மரபணு மாற்றத்தைக் கண்டித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த முழுப்பக்க விளம்பரமும் இதே படத்தைத்தான் காட்டியது. அந்த எலியிலோ மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. சிரித்தவர்களுக்கும் உண்மை தெரியவில்லை, எதிர்த்தவர்களுக்கும் தெரியவில்லை. இந்தச் சோதனை தேவைதானா, எலி என்ன பாடுபட்டது, வேறு வழி இருந்ததா என்ற நியாயமான கேள்விகளுக்கு அந்தக் கூச்சலில் இடமே இல்லாமல் போயிற்று.

தேய்ந்த படங்கள் செய்யும் முதல் தீங்கு இதுதான். அவை கேள்வியை அழிக்கின்றன. சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்கியல் பூங்கா ஆய்வாளர்கள் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய செய்தி இங்கே பொருந்தும். பார்வையாளர்களில் 95 விழுக்காட்டினர் கொரில்லா அழிவின் விளிம்பில் இருப்பதை அறிந்திருந்தார்கள். சிம்பன்சியைப் பற்றி அப்படி அறிந்திருந்தவர்கள் 66 விழுக்காட்டினர் மட்டுமே. விளம்பரத்திலும் சினிமாவிலும் அடிக்கடி தலைகாட்டும் விலங்குக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது என்று பலர் எண்ணியதே காரணம். தேவாங்கு இனத்துக்கும் இதே கதி. அக்குளைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் கையை உயர்த்தும் தேவாங்கின் காணொளியை உலகமே பகிர்ந்து மகிழ்ந்தது. முழங்கையின் உட்புறத்திலுள்ள நச்சுச் சுரப்பியை வெளிக்காட்டித் தன்னைக் காத்துக்கொள்ள அது எடுக்கும் நிலை அது. செல்லப்பிராணிச் சந்தைக்குப் போகும் தேவாங்குகளின் பற்களை, கடிக்காமலிருக்க, மயக்க மருந்தின்றி வெட்டியெடுக்கிறார்கள். அதன் உறவினம் ஒன்று நம் சிங்கப்பூரின் நடுக்காட்டிலேயே அரிதாக வாழ்கிறது.

இரண்டாவது தீங்கு கொடியது. சிரிப்புக்குச் சந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் கொடுமையைத் தயாரித்து விற்பவர்கள் வந்துவிடுகிறார்கள். ஆசிய விலங்குநல அமைப்புகளின் கூட்டணி ஒன்று 2020 ஜூலை முதல் 2021 ஆகஸ்ட் வரை சமூக ஊடகங்களில் விலங்குக் கொடுமை காட்டும் 5,480 காணொளிகளைப் பதிவுசெய்தது. அவை 530 கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்டிருந்தன. குரங்குக் குட்டிகளைச் சித்திரவதை செய்து படமெடுக்கச் சொல்லி இந்தோனீசியாவில் உள்ளவர்களுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க, பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களை 2023இல் பிபிசி அம்பலப்படுத்தியது. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் நாயை மாடியிலிருந்து வீசினார், நண்பர் படம்பிடித்தார். நாய் எலும்பு முறிவோடு உயிர் தப்பியது. அங்கே கேமரா வெறும் சாட்சியாக நிற்கவில்லை. பார்ப்பவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையே அந்தச் செயலுக்குத் துணைபோயிற்று. பகிரும் விரல் ஒவ்வொன்றும் அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறது. “நான் அனுப்பியது ஒரு குரங்குப் படம்தானே” என்ற சமாதானத்தை எங்களால் ஏற்க முடியவில்லை.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். இங்கே நேர்மையாகப் பேச வேண்டிய கடமை நமக்கு உண்டு. 1921இல் டொரண்டோவில் நாய்களின் மீது நடந்த சோதனைகளிலிருந்தே இன்சுலின் கிடைத்தது. நீரிழிவு அதிகம் காணப்படும் நம் சமூகத்தில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். போலியோ தடுப்பு மருந்துக்காக 1950களில் இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் பெருந்திரளாகக் குரங்குகள் ஏற்றுமதியாயின. இந்தப் பலன்களை அனுபவித்துக்கொண்டே விலங்குச் சோதனை முழுவதும் பாவம் என்று முழங்குவது எளிது. அதை நாங்கள் செய்யவில்லை. ஆனால் பலன் கிடைத்தது என்ற ஒரே காரணம் எல்லாச் சோதனைக்கும் மன்னிப்பாகிவிடாது.

மனச்சோர்வு மருந்துகளைச் சோதிக்க எலியைக் கண்ணாடி உருளையில் நிரப்பிய நீரில் போடுகிறார்கள். ஏற வழி இல்லை, கால் ஊன்றத் தரை இல்லை. ஆறு நிமிடங்களில் கடைசி நான்கு நிமிடம் அது எவ்வளவு நேரம் நீந்துவதை விட்டு அசையாமல் மிதக்கிறது என்று கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். அந்த அசைவின்மை விரக்தியா, அல்லது சக்தியை மிச்சப்படுத்த எலி கற்றுக்கொண்ட தந்திரமா என்பதில் அறிவியலாளர்களுக்கிடையிலேயே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எதை அளக்கிறோம் என்பதே உறுதியில்லாத சோதனைக்கு ஓர் உயிரை மூழ்கும் பயத்தில் தவிக்கவிடுவது நியாயமாகாது. முயலின் கண்ணில் இரசாயனத்தை இட்டு எரிச்சலை மதிப்பெண் போட்டு அளக்கும் முறையை 1944இல் ஜான் டிரெய்ஸ் வகுத்தார். முயலுக்குக் கண்ணீர் குறைவு, இட்டது எளிதில் கழுவிப் போகாது என்பது வசதியாகிப்போனது. முகப்பூச்சுக்கும் ஷாம்புவுக்கும் இதைச் செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013இலும் இந்தியா 2014இலும் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. கடைகளில் அழகுப் பொருள்கள் தீர்ந்துபோய்விடவில்லை.

மாற்று வழி இல்லை என்ற வாதமும் முன்போல் நிற்பதில்லை. கூடிய மட்டும் விலங்குக்கு மாற்றைத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் வகுத்தது 1959இல். அதே ஆண்டில் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தவளையை அறுக்காமல் கணினித் திரையிலேயே உடற்கூறு கற்க ‘கம்ப்யூஃப்ராக்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்து நீக்கியது. நெறி தெரியாமல் யாரும் தவறு செய்யவில்லை. தெரிந்தும் பழைய வழியில் போவது செலவு, பழக்கம், அவசரம் ஆகியவற்றால்.

அந்த அவசரத்தின் விலையை நம் வட்டாரம் அறியும். சீனா 2020இல் ஆய்வுக் குரங்குகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. கொவிட் ஆராய்ச்சியால் தேவை எகிறியது. உலக ஆய்வுக்கூடங்கள் தென்கிழக்காசியாவின் நீள்வால் குரங்கைத் தேடி வந்தன. புக்கிட் தீமா காட்டோரத்தில் ஞாயிற்றுக்கிழமை நடைபயில்வோர் காணும் அதே குரங்கு. 2022இல் இந்த இனம் அழியும் ஆபத்திலுள்ளதாக வகைப்படுத்தப்பட்டது. காட்டுக் குரங்குகளைப் பண்ணையில் பிறந்தவை என்று காட்டி அனுப்பியதாகக் கம்போடிய வனத்துறை அதிகாரிகள் உட்பட எட்டுப் பேர் மீது அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா குற்றம் சாட்டியது. கைதான ஓர் அதிகாரியை 2024இல் மயாமி நடுவர் குழு விடுவித்தது. காட்டிலிருந்து கூண்டுக்கு வரும் வழி எவ்வளவு இருண்டது என்பதை அந்த வழக்கு உலகுக்குக் காட்டிவிட்டது.

இலங்கையில் 2023 ஏப்ரலில் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அன்றைய வேளாண் அமைச்சர் வெளியிட்டார். விலங்கியல் பூங்காக்களுக்கு என்று காரணம் கூறப்பட்டது. அத்தனை குரங்குகள் எந்தப் பூங்காவுக்கு வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. ஜூன் மாதம் அரசாங்கம் பின்வாங்கியது. இந்தியா 1978இலேயே இந்தத் தெளிவைக் காட்டியது. மருத்துவத்துக்கு என்று வாங்கிய குரங்குகள் அமெரிக்க ராணுவத்தின் கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் போனது தெரியவந்ததும், மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது. இரு நாடுகளிலும் முடிவை மாற்றியது ஒன்றே: என்ன நடக்கிறது என்பது மக்களுக்குத் தெரிந்தது.

சிங்கப்பூரில் அது போதுமான அளவு தெரிகிறதா? கிளமெண்டியிலிருந்து இரண்டே நிறுத்தங்கள் தள்ளி புவன விஸ்தாவில் 2003 முதல் பயோபொலிஸ் இயங்குகிறது. கிளமெண்டி சாலையை ஒட்டியே தேசியப் பல்கலைக்கழகம் விரிந்துகிடக்கிறது. மருத்துவ ஆராய்ச்சியில் நாம் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வுக்கு விலங்கு வைத்திருக்க உரிமம் வேண்டும்; ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மேற்பார்வைக் குழு வேண்டும். அதில் கால்நடை மருத்துவரோடு, அறிவியல் துறை சாராத ஒருவரும் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒருவரும் இடம்பெற வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஒற்றை வெளியாளின் தோளில் சமூகத்தின் மனசாட்சி முழுவதையும் ஏற்றிவைத்துவிட்டு நாம் மீம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பிரிட்டன் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2023இல் 26.8 லட்சம் சோதனைச் செயல்முறைகள். எந்த விலங்கு, எந்த நோக்கம், வலி எந்த அளவு என்பதெல்லாம் யாரும் படிக்கும்படி அதில் இருக்கின்றன. 2014 முதல் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வெளிப்படைத்தன்மை உடன்படிக்கை ஒன்றிலும் சேர்ந்துள்ளன. ஆராய்ச்சி அதனால் முடங்கிவிடவில்லை.

பூனையை வதைத்தவருக்கு முதல் குற்றத்துக்கே 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் விதிக்க இடமளிக்கும் நம் விலங்குகள், பறவைகள் சட்டம் இப்போது மறுஆய்வில் இருக்கிறது. இந்த வாய்ப்பு நழுவிப்போகக் கூடாது. அழகுப் பொருளுக்காக எந்த விலங்கும் சோதிக்கப்படக் கூடாது என்பதைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். கொடுமையைப் படமெடுத்துப் பரப்புவதை, கொடுமை செய்வதற்கு ஒப்பான குற்றமாகக் கருத வேண்டும். பார்வைக் கணக்கில் வருமானம் ஈட்டும் சமூக ஊடக நிறுவனங்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டில் எத்தனை விலங்குகளைப் பயன்படுத்தியது, எதற்காக, எவ்வளவு வலியோடு என்பதைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். இதை உரிமத்தின் நிபந்தனையாக்க விலங்குநல மருத்துவச் சேவை தயங்கக் கூடாது.

நம் பல்கலைக்கழகங்கள் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எண்ணிக்கை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் முதல் அறிக்கை வெளிவரட்டும்.