கார்ட் எங்கட, சாவி ஆரிட்ட?

லினக்ஸ் போட்ட கணனியில் திரை கறுத்து நின்றால் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "உது சரிவராது மச்சான், விண்டோஸையே போடு." இந்தத் தீர்ப்போடுதான் எங்களுக்குச் சண்டை. பூட்டினது ஒருத்தர், பழி சுமக்கிறது இன்னொருத்தர்.

கிரஃபிக்ஸ் கார்ட்டும் இயங்குதளமும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு டிரைவர் வேணும். இன்டெலும் ஏஎம்டியும் தங்கட டிரைவர்களின் மூலநிரலைத் திறந்து, லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்த்திருக்கின்றன. கெர்னல் மாறினால் டிரைவரும் கூடவே மாறும். என்விடியாவோ நெடுங்காலம் மூடிய டிரைவரை வெளியிலிருந்து தந்தது. கெர்னலைப் புதுப்பித்ததும் டிரைவர் பொருந்தாமல் போகும், திரை கறுக்கும். 2012இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் அந்த நிறுவனத்துக்கு நடுவிரல் காட்டினது சும்மா இல்லை.

"2022இல் திறந்துவிட்டாங்கள்தானே?" என்று கேட்பீர்கள். திறந்தது கெர்னலுக்குள் ஓடும் பகுதியை மட்டும். ஓபன்ஜிஎல், வல்கன் பகுதிகள் இன்னும் மூடித்தான் இருக்கு. திறந்ததும் 2018இல் வந்த டூரிங்கும் அதற்குப் பிந்தியதுமான கார்ட்டுகளுக்குத்தான். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பாஸ்கல் கார்ட்டுகளுக்கு 580 டிரைவர் தொடரே கடைசி என்று அறிவித்தாச்சு.

அப்ப தன்னார்வலர்கள் எழுதின நூவோ டிரைவர்? அநியாயமே இங்கதான். ஜிடிஎக்ஸ் 900 தொடரிலிருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபேம்வெயர் இல்லாமல் கார்ட்டின் வேகத்தைக் கூட்ட ஏலாது. பாஸ்கலுக்கு வேகத்தைக் கூட்டும் ஃபேம்வெயரை வெளியில் விடவே இல்லை. கணனி தொடங்கும்போது இருந்த மந்த வேகத்திலேயே கார்ட் கிடக்கும். அதைவிடப் பழைய கெப்லர் கார்ட்டை நூவோவில் நாங்களே வேகம் கூட்டி ஓட்டலாம். புதியது பழையதிடம் தோற்கிறது, பூட்டினால்.

வியாபார இரகசியம் என்று சொல்லுவினம். சிப்பின் வரைபடத்தை நாங்கள் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்துவது உங்கட உரிமையாக இருக்கட்டும். நிறுத்தின பிறகும் சாவியைப் பையில் வைத்திருக்க என்ன உரிமை? கைவிடுகிற நாளிலேயே ஃபேம்வெயரையும் ஆவணங்களையும் தாருங்கள், மிச்சத்தைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளுவினம்.

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு: எங்களில் கனபேர் வாங்குவது இரண்டாம் கைக் கணனி. காசு கொடுத்து வாங்கின, பழுதில்லாத பொருளை எங்கோ இருக்கிற நிறுவனம் ஒரு அறிவிப்பால் குப்பையாக்கலாம் என்றால், அது சொத்துரிமை பற்றிய கேள்வி. அதைப் பொறியியல் பீடத்திடம் மட்டும் விட்டுவிட ஏலாது.

அடுத்தமுறை இரண்டாம் கைக் கணனி பார்க்கப் போனால், எத்தனை ஜிபி என்று கேட்க முதல் கார்ட் எந்தத் தலைமுறை, அதற்குத் திறந்த டிரைவர் இருக்கா என்று கேளுங்கள். ஆரும் "லினக்ஸ் சரிவராது" என்றால், டிரைவரைப் பூட்டினது ஆர் என்றும் கேளுங்கள்.