எந்த மீனோடு எந்த மீன்?



சென்ற இதழில் சேமிப்புக் குழுக்களின் கணக்குப் புத்தகம் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் மீன் தொட்டி பற்றி எழுதப் போகிறேன். அதுவும் கடல் மீன் தொட்டி. "இவளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் நிலையத்துக்கு வந்துபோகும் சகோதரிகளுக்கு இந்தக் கதை தெரியும். மற்றவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பிழை பெரும்பாலும் என்னுடையது.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் மூடப்பட்ட ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் ஒரு கண்ணாடித் தொட்டி சும்மா கிடந்தது. மறு வருடம் அதன் உரிமையாளர் தொட்டியையும் மோட்டரையும் எங்களுக்குத் தந்தார். மூன்று அடி நீளம், ஏறக்குறைய 150 லீட்டர் கொள்ளும். அதைப் பிள்ளைகள் இருக்கும் முன் விறாந்தையில் வைத்தோம். தாய்மார் உள்ளே உளவளத்துணைக்காக இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் வெளியே ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்பதுதான் எண்ணம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு நன்னீர் மீன் ஏன், கடல் மீனே வளர்க்கலாமே என்று சொன்னவள் நான். புதன்கிழமை கடல் தண்ணீர் நிரப்பினோம். சனிக்கிழமை, சுழியோடிகளிடம் மீன் வாங்கி விற்கும் ஒருவரிடம் போய் எட்டு மீன் வாங்கினேன். கண்ணுக்கு வடிவானவற்றைத் தெரிந்தெடுத்தேன். உடம்பு முழுக்க நீலமும் முதுகுத் துடுப்பு மஞ்சளும் முகம் கறுப்புமாக ஒன்று. அதை வியாபாரிகள் பவுடர் புளூ என்பார்கள். ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். மற்ற மீன்களின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும் ஒரு துப்புரவு மீன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த டாம்செல் குட்டிகள் மூன்று. கோமாளி மீன் ஒரு சோடி.

மூன்று வாரம் முடிந்தபோது மிஞ்சியது மூன்று. கோமாளி மீன்கள் இரண்டும் ஒரு டாம்செல்லும்.

விறாந்தைக்கு வரும் பிள்ளைகளில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். யாரோடும் அதிகம் கதைக்க மாட்டாள். ஆனால் வந்தவுடன் தொட்டிக்கு முன்னால் நின்று மீன்களை எண்ணுவாள். அவளுக்கு விருப்பமானது அந்த நீல மீன். அதன் உடம்பில் உப்புக் கல் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்ததை முதலில் கண்டவளும் அவள்தான். ஒரு திங்கட்கிழமை காலை அது செத்துக் கிடந்தது. பிள்ளைகள் வரமுன் எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன். அவள் கேட்டபோது, "அதைத் திருப்பிக் கடலில விட்டுட்டம்" என்றேன். அடுத்த கிழமை வந்து, எந்தக் கடற்கரையில் விட்டோம், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

தாய் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "அவளுக்குப் பொய் சொல்லாதீங்கோ மிஸ். என்ர தம்பிய 2008இல கொண்டுபோன நாளில இருந்து 'வருவான், வருவான்' எண்டுதான் எங்களுக்கும் எல்லாரும் சொன்னவை" என்றார். நான் சமூகவியல் படித்தவள், பத்து வருடமாக இந்த வேலையில் இருப்பவள். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த கிழமை பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். மீன் செத்துவிட்டது, அதற்குச் சரியான இடத்தை நான் கொடுக்கவில்லை என்றேன். அவள் அழவில்லை. "அப்ப மற்றதுகள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் மீன் வளர்ப்பைப் படிக்கத் தொடங்கினேன்.

படிப்பித்தவர் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் ஒரு அக்கா. அவருடைய கணவர் சுழியோடி. ஆழத்தில் இருந்து வேகமாக மேலே வந்ததால் கால்கள் இயங்காமல் போய்விட்டன. அதன் பிறகு அக்கா ஒரு மீன் கொட்டிலில் வேலை செய்தார். பிடித்து வரும் மீன்களை இனம் பிரித்து, ஒவ்வொன்றாகப் பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடித்துக் கட்டுவது அவருடைய வேலை. எங்கள் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ், நாங்க இதுகள ஏன் தனித்தனிப் பையில கட்டுறம் எண்டு யோசிச்சீங்களா?" என்று கேட்டார்.

முதல் பிழை தண்ணீரில். மீனின் கழிவில் இருந்து அமோனியா உண்டாகும். அது நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியின் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முன் எட்டு மீனை விட்டால் எப்படிப்பட்ட நல்ல மீனும் நிற்காது. "தண்ணி பழகணும். அதுக்குப் பிறகுதான் மீன் பழகும்" என்றார் அக்கா.

இரண்டாவது பிழை, நான் மீனைப் பார்த்தேன், அது வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று பார்க்கவில்லை. பவுடர் புளூ கடலில் நாள் முழுக்கக் கல்லுக்குக் கல் நீந்திப் பாசி மேயும் மீன். இருபது சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். வால் அடியில் கத்தி போல ஒரு முள் இருக்கும். மூன்று அடித் தொட்டி அதற்குச் சிறைக்கூடம். அடைபட்டால் மற்றதைத் துரத்தும், அல்லது நோய் பிடிக்கும். எங்கள் மீன் இரண்டையும் செய்தது. டாம்செல் குட்டிகள் கதை இன்னும் மோசம். வாங்கும்போது விரல் நுனி அளவுதான். மலிவு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மூலையைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். மூன்றில் பலமானது மற்ற இரண்டையும் செட்டை கிழிய அடித்துக் கொன்றுவிட்டது.

மூன்றாவது, சாப்பாடு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் உயிருள்ள முருகையைக் கொத்தித்தான் வாழும். வேறு எதைப் போட்டாலும் திரும்பிப் பாராது. துப்புரவு மீனுக்கு மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிதான் உணவு. சிறு தொட்டியில் அதற்கு எத்தனை நாளைக்குப் பிழைப்பு? இந்த இரண்டையும் நான் காசு கொடுத்து வாங்கி வந்து பட்டினி போட்டேன் என்பதுதான் உண்மை. மீன் வாங்கும்போது "இது எத்தனை நாளாக உங்களிடம் நிற்கிறது? என் முன்னால் ஒருக்கால் சாப்பாடு போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டுமாம். சாப்பிடாத மீனை எவ்வளவு வடிவென்றாலும் வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் அக்கா சொன்னார். வாயைப் பாருங்கள். கலவாய், அஞ்சாலை, சிங்கமீன் எல்லாம் கோபக்காரர் அல்ல. ஆனால் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். சிங்கமீனின் முள் நஞ்சும்கூட, பிள்ளைகள் உள்ள இடத்தில் வேண்டாம். கிளாத்தி இறாலை ஓட்டோடு நொறுக்கும்.

கோமாளி மீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2003 இல் வந்த கார்ட்டூன் படத்தால் எல்லாப் பிள்ளைக்கும் அதைத் தெரியும். படத்தில் வரும் செம்மஞ்சள் இனம் அந்தமான் கடலுக்கும் அதற்குக் கிழக்கேயும் உரியது. எங்கள் கடலில் அதிகம் காண்பது கபிலமும் கறுப்பும் கலந்த உடம்பில் வெள்ளைப் பட்டி போட்டது. அது இன்னும் பெரிதாக வளரும், இன்னும் முரடு. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிவிடும். "அங்க பொம்புளதான் தலைவர்" என்று அக்கா சிரித்தார். ஆனால் சோடி சேர்ந்த பிறகு மூன்றாவதை விட்டால் இரண்டும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். கடலில் அனிமோனுக்குள் வாழ்ந்தாலும் தொட்டியில் அனிமோன் இல்லாமலே அவை இருக்கும். அனிமோனுக்குக் கடும் வெளிச்சமும் பழகிய தண்ணீரும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

தொட்டியைத் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினோம். மிஞ்சிய மூன்று மீனையும் அக்கா பழைய கொட்டிலில் கொண்டுபோய் விட்டார். முருகைக் கல்லைக் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், உடைந்த மண்சட்டிகளையும் கருங்கல்லையும் அடுக்கினோம். கடல் தண்ணீரை நிலாவெளிப் பக்கம் இருந்து எடுத்தோம். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுவதால், மாரி மழைக்குப் பிறகு அங்கே உவர்ப்புக் குறைந்துவிடும். நீரமானியில் 1.025 காட்ட வேண்டும். வெயிலில் தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது. ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீரை அல்ல. நான் முன்பு கடல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன்! கரண்ட் போனால் காற்றடிக்க பற்றரியில் ஓடும் ஒரு சிறு பம்பும் வாங்கி வைத்தோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு முதலில் போனது ஒரு சிறு உளுவையும் அதன் கூட்டாளி இறாலும். இந்தச் சோடியை நீங்கள் பார்க்க வேண்டும். இறாலுக்குக் கண் தெரிவது மிகக் குறைவு. அது ஓயாமல் மணலைத் தோண்டி வளை செய்யும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசையை மீனின் உடம்பில் தொட்டபடியே வெளியே வரும். ஆபத்தென்றால் உளுவை வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும். சில நேரம் அந்த இறால் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும். கண்ணாடிக்கு வெளியே 'டக்' என்று கேட்கும். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

இரண்டு கிழமை கழித்து, முதுகில் வெள்ளைக் கோடு போட்ட துப்புரவு இறால் இரண்டு. கடைசியாகத்தான் கோமாளிச் சோடி. முரடானவரைக் கடைசியில் விட வேண்டும். முதலில் விட்டால் முழுத் தொட்டியும் தன்னுடையது என்று எழுதி வாங்கிவிடும். அவற்றை விடும் அன்று சட்டிகளையும் இடம் மாற்றி அடுக்கினோம். அப்போது எல்லாருக்கும் இடம் புதிதாக இருக்கும். டாம்செல் திரும்பி வரவில்லை. சிவப்பு வாலோடு அம்பு போல நிற்கும் பயர் ஃபிஷ் ஒன்றுக்கும் நான் ஆசைப்பட்டேன். "வேணாம் மிஸ், அது பயந்த சாதி. கோமாளி துரத்தினா பாய்ஞ்சு வெளிய விழும்" என்று அக்கா மறுத்துவிட்டார். உளுவை அடியில், கோமாளி நடுவில், இறால்கள் கல்லில். அவ்வளவுதான். தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று வந்தவர்கள் சொன்னார்கள். வெறிச்சென்று இருக்கட்டும்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர், இதில் சமாதான சகவாழ்வுக்கு நல்ல கதை இருக்கிறது, பயிற்சிப் பட்டறையில் சொல்லலாம் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீன்கள் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளவில்லை. ஒன்றின் இடமும் சாப்பாடும் மற்றதற்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே. எங்கள் ஊர்ப் பிரச்சினைகளை மீன்களின் தலையில் கட்டுவது சரியில்லை.

இதை வாழ்வாதாரமாகச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: கடல் மீன் வேண்டாம். செலவு கூட, ஒரு இரவு கரண்ட் போனால் முதல் போய்விடும். நன்னீரில் கப்பி போன்றவற்றை வீட்டுச் சீமெந்துத் தொட்டியிலேயே பெருக்கலாம். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடல் தொட்டி ஏதாவது விடுதியிலோ அலுவலகத்திலோ பராமரிக்கக் கிடைத்தால், சம்பளம் பேச முன்னரே எந்த மீன் வாங்குவது என்பதில் உங்கள் சொல்லும் எடுபட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அக்கா ஒருமுறை அப்படி வேலை செய்த இடத்தில், முதலாளி வாங்கிப் போட்ட கிளாத்தி மற்றதையெல்லாம் தின்றதற்கு இவருடைய சம்பளத்தில் வெட்டினார்களாம்.

அந்தச் சிறுமி இப்போதும் வருகிறாள். ஒருநாள் விறாந்தையில் இருந்து ஓடிவந்து, "மிஸ், இறால் செத்துட்டு" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். கல்லின் மேல் காலும் மீசையுமாக ஒரு இறால் அசையாமல் கிடந்தது. இறால் வளரும்போது ஓட்டைக் கழற்றிவிடும், கழற்றிய ஓடு முழு இறால் போலவே இருக்கும் என்று அக்கா சொன்னது நினைவு வந்தது. அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, போன முறை நான் சொன்ன கடற்கரை அவளுக்கு மறக்கவில்லை.

"நீங்களே எண்ணிப் பாருங்கோ" என்றேன்.

கண்ணாடியில் மூக்கை வைத்து நீண்ட நேரம் தேடினாள். உடைந்த சட்டிக்குள் ஒன்று. மோட்டருக்குப் பின்னால், புது ஓடு இறுகும் வரை ஒளிந்திருந்த மற்றது. ஓட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். தாய் வெளியே வரும்வரை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.