கால் கட்டைவிரலுக்கும் ஓர் அளவு

"கால் புண்ணுக்குக் கட்டைவிரலில் பிரஷர் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் சம்பளம் போகுமே, அவசியம்தானா?" என்று ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்குப் பல வருஷமாக இனிப்பு நீர். செம்பனைக் குலை வெட்டுகிறவர். விரலிடுக்கில் புண் வந்து ஆறு வாரமாகிறதாம். கையில் 140, கணுக்காலில் 200. "காலில் ரத்தம் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, அவசியம் போங்கள். அந்த 200-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள்.

பிரஷர் பட்டை காற்றால் ரத்தக் குழாயை நசுக்குகிறது. பிறகு தளர்த்தும்போது எந்த அளவில் ரத்தம் மறுபடி ஓடுகிறதோ அதுவே மேல் எண். இனிப்பு நீர் நெடுநாள் இருந்தால் கணுக்கால் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போவதுண்டு. ரப்பர் குழாயை விரலால் நசுக்கலாம்; இரும்புக் குழாயை நசுக்க முடியுமா? உள்ளே ஓட்டம் குறைந்திருந்தாலும் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து 0.9-க்குக் குறைந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். 1.4-க்கு மேல் போனால் அந்த அளவையே நம்பமாட்டார்கள். 200-ஐ 140-ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கால்விரலின் சின்னக் குழாய்களில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. லயத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்று அறியக் கடைசி வீட்டுக் குழாயைத்தானே திறந்து பார்ப்போம்!

ஊசியில்லை, வலியில்லை. படுக்கவைத்து, கட்டைவிரலின் அடியில் மோதிரம்போல் சிறு பட்டை சுற்றுவார்கள். நுனியில் ஒளி பாய்ச்சித் துடிப்பைக் காணும் கருவி ஒன்று இருக்கும். பாதம் குளிர்ந்திருந்தால் அளவு தவறும். ஏர்கண்டிஷன் அறையில் காத்திருக்கும்போது கால்மேல் போர்த்த ஒரு துணி கொண்டு போங்கள். அன்று சிகரெட் வேண்டாம்.

விரல் எண்ணைக் கை எண்ணால் வகுத்து 0.7-க்குக் குறைந்தால் ஓட்டம் போதவில்லை. விரல் எண்ணே 30-க்குக் கீழ் இறங்கினால் புண் தானாக ஆறுவது மிகக் கடினம். அடைப்பைப் பலூனால் விரிக்கலாமா, மாற்றுக் குழாய் பொருத்தலாமா என்று நிபுணர் உடனே பார்க்க வேண்டும். தாமதித்தால் விரல் போகும், சமயத்தில் காலே போகும்.

"வலிக்கவில்லையே" என்கிறாராம் உங்கள் கணவர். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாசி மகத்தில் சன்னாசிமலைக்கு வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்துவிட்டு, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. நரம்பு மரத்துப் போனால் அப்படித்தான். 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர். நம் இந்தியர்களில் அது 31.4 சதவீதம்!

அதுவரை புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச வேண்டாம். சுடுநீரில் கால் வைக்க வேண்டாம். விரல் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ சீட்டிலுள்ள தேதிவரை காத்திராமல் அன்றே ஓடுங்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டீர்களே, 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. டாக்டரிடம் எம்.சி. கேட்டு வாங்கி, அன்றைக்கே ஆபீசில் கிராணியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.