கண்ணைப் பறிக்கும் விளக்கு!

இரவு நேரம். கனகம்மாசத்திரம் அருகே சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை. எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் விளக்கு கண்ணைப் பறிக்கிறது. சாலை தெரியவில்லை. சாலை ஓரத்தில் நடந்து போகிறவரும் தெரியவில்லை!

இந்த வழியாக ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி முருகனிடம் காவடி எடுத்துப் போகிறார்கள். புரட்டாசியில் திருப்பதிக்கு நடக்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்கள் பலர். தமிழ்நாட்டு வண்டி, ஆந்திர வண்டி எல்லாம் இதே சாலையில்தான் ஓடுகின்றன.

3 விநாடி, 50 மீட்டர்!

வண்டி விளக்கில் இரண்டு வகை ஒளி உண்டு. "பிரைட்" நேராக வெகுதூரம் பாயும். "டிம்" தாழ்ந்து விழும். எதிரே வண்டி வந்தால் டிம் செய்ய வேண்டும். இது மரியாதை மட்டும் அல்ல, சட்டமும் ஆகும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். 3 விநாடி கண் கூசினால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம்!

"அவன் டிம் செய்யவில்லை, நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?" என்று சிலர் வீம்பு பிடிக்கிறார்கள். அப்போது இருவர் கண்ணும் கூசும். ஓரத்தில் நடப்பவர் கதி என்ன?

ஒரு சைகை, இரண்டு அர்த்தம்

விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினால், இங்கிலாந்தில் பலர் "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அதற்கு "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று பொருள்!

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போடுகிறது. "முந்திப் போ" என்கிறதா? "வலது பக்கம் திரும்புகிறேன்" என்கிறதா? தவறாக ஊகித்தால் உயிர் போகும். சந்தேகம் வந்தால் முந்தாதீர்கள்.

நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுவது, வண்டி பழுதாகி நிற்கும்போது எச்சரிக்கத்தான். சிலரோ சந்திப்பில் நேரே போவதற்கு அதைப் போடுகிறார்கள். பக்கத்துச் சாலையில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும். "வண்டி திரும்புகிறது" என்று நம்பி அவர் குறுக்கே வந்துவிடுவார்!

நடப்பவர்களுக்கு

நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி உங்களுக்குத் தெரியும். இரவில் வெளிர்நிற ஆடை அணியுங்கள். கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும்.

வண்டி ஓட்டுபவர்களே! டிம் செய்ய ஒரு விரல் அசைந்தால் போதும். காவடி எடுத்துப் போனவர் பத்திரமாக வீடு திரும்புவார்.